நெயில் பாலிஷ் நிறங்களைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் ஒரு மேட்சிங் சென்டரில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். சேலைக்கு ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல் என்று நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு நான் விரும்பிச் செய்வதும் கிட்டத்தட்ட அதே காரியம்தான். துணிக்குப் பதில் நெயில் பாலிஷ். இப்போது என்னிடம் 212 குப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, பக்கத்தில் வைத்து, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைக்கு வரும் பிள்ளைகள், தெருவில் இருக்கும் மதினிமார், ஆரியங்காவு தாண்டி கேரளத்துப் புனலூரிலிருந்து துணி எடுக்க வரும் சேச்சிமார் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நெயில் பாலிஷ் போடுவது தெரியும். போட்டுப் பார்த்து ஒப்பிடுவது என்றால் என்ன?

அழகுக்காகப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது ஒன்று. அந்த நிறம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதற்காகப் போடுவது இன்னொன்று. புதுக் குப்பி வாங்கியதும் நான் உடனே நகத்தில் போடுவதில்லை. நக வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குச்சியில் ஒரு கோட், அது காய்ந்ததும் இரண்டாவது கோட், தேவைப்பட்டால் மூன்றாவது. குச்சியின் பின்புறம் எண் எழுதி, அதே குடும்பத்து நிறங்கள் ஏற்கெனவே இருந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இதற்கு ஸ்வாட்ச் என்று பெயர். துணிக்கடையில் சாம்பிளுக்கு வெட்டித் தரும் துண்டுக்கும் இதே பெயர்தான்.

தனியாகப் பார்த்தால் ‘சிவப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகிற நிறம், இன்னொரு சிவப்பின் பக்கத்தில் வைத்ததும் தக்காளியாகவோ மாதுளையாகவோ தெரிய ஆரம்பிக்கும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

புனலூர்ப் பக்கம் கடையில் கேட்டால் ‘க்யூட்டெக்ஸா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். அது வேறு பொருளா?

இல்லை, அதே பொருள்தான். கியூடெக்ஸ் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பெயர். 1911இல் நகத்தோரத் தோலை நீக்கும் திரவத்தோடு தொடங்கி, பிறகு நகப்பூச்சும் விற்றது. கேரளத்திலும் இலங்கையிலும் அந்தப் பெயர் எல்லா நகப்பூச்சுக்கும் பொதுப்பெயராக ஆகிவிட்டது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். எங்கள் ஆச்சி காலத்து மனுஷிகள் இன்றைக்கும் ‘க்யூட்டெக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். தென்காசிக் கடையில் ‘நெயில் பாலிஷ்’ என்று கேளுங்கள், புனலூரில் ‘க்யூட்டெக்ஸ்’ என்று கேளுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே தட்டைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள்.

தொடங்குவதற்கு எத்தனை குப்பி வேண்டும்? நிறையச் செலவாகுமா?

மூன்று குப்பி போதும். ஆனால் மூன்றும் ஒரே நிறக் குடும்பத்தில் இருக்க வேண்டும். ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு பச்சை என்று வாங்கினால் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இருக்காது. மூன்று வெவ்வேறு கம்பெனிச் சிவப்பு வாங்குங்கள். வீட்டில் அம்மாவிடமும் சித்தியிடமும் பாதி தீர்ந்த குப்பிகள் கிடக்கும், அவற்றைக் கேட்டு வாங்கினாலும் போதும்.

ஐம்பது ரூபாய்க்கும் குப்பி கிடைக்கிறது, ஆயிரத்துக்கு மேலும் கிடைக்கிறது. விலையை வைத்து நிறத்தின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். விலை ஏற ஏறப் பெரும்பாலும் பிரஷ் நன்றாக இருக்கும், பூச்சு சமமாகப் பரவும். மினுமினுப்பு இல்லாத க்ரீம் வகைச் சிவப்பில் மலிவான குப்பி ஒன்று, அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள குப்பிக்குப் பக்கத்தில் வெயிலிலும் வேறுபாடு தெரியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கும்போது அளவையும் பாருங்கள். நம் ஊர்க் குப்பிகள் பல 5 முதல் 10 மில்லி வரை இருக்கும், வெளிநாட்டுக் குப்பிகள் சில 15 மில்லி. ஒரு ஸ்வாட்ச்சுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும் என்பதால், சின்னக் குப்பிதான் இந்தப் பழக்கத்துக்கு நல்லது.

குப்பிக்குள் என்னதான் இருக்கிறது?

படலமாக உட்காரும் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதைக் கரைத்து வைத்திருப்பது எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்னும் கரைப்பான்கள். மூடியைத் திறந்ததும் வருகிற வாசனை இவற்றுடையதுதான். படலம் நொறுங்காமல் வளைந்து கொடுக்க ஒரு சேர்மானம், நகத்தைப் பிடித்துக்கொள்ளவும் பளபளக்கவும் ஒரு ரெசின், அப்புறம் நிறம் தரும் பொடிகள். நீங்கள் பூசியதும் கரைப்பான் காற்றில் போய்விடும், மற்றதெல்லாம் நகத்தில் தங்கிவிடும். ‘காய்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

நிறப்பொடி கனமானது. அடியில் போய்த் தங்காமல் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு வகைக் களிமண் சேர்க்கிறார்கள். லேபிளில் ஸ்டியரால்கோனியம் ஹெக்டோரைட் என்று இருக்கும். அசையாமல் வைத்தால் கெட்டியாக நிற்கும், கலக்கினால் இளகும். கட்டித்தயிரைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் இளகுகிறதல்லவா, அந்தக் குணம். அதனால்தான் போடுவதற்கு முன் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். மாதக்கணக்கில் சும்மா இருந்த குப்பியை உருட்டாமல் போட்டால் மேலே தெளிந்து நிற்கும் பகுதிதான் பிரஷில் வரும். அந்த ஸ்வாட்ச் பொய் சொல்லும்.

லேபிளைப் படித்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ‘சி.ஐ.’ (கலர் இண்டெக்ஸ், சாயங்களுக்கான எண் பட்டியல்) என்று போட்டு ஐந்து இலக்க எண்கள் வரிசையாக இருக்கும். 77891 வெள்ளை, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. 77491 இரும்பு ஆக்சைடு, செங்கல் சிவப்பு. அதே குடும்பத்தில் 77492 மஞ்சள், 77499 கறுப்பு. 77510 பழைய பிரஷ்யன் நீலம். 19140 எலுமிச்சை மஞ்சள். நெயில் பாலிஷ் சிவப்பில் அடிக்கடி பார்ப்பது 15850. இந்த ஒரு எண்ணிலேயே மஞ்சள் சாயல் சிவப்பும் உண்டு, நீலச் சாயல் சிவப்பும் உண்டு. அந்தச் சாயத்தை வேதியியல்படி எந்த உப்பாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

ஆனால் கூட்டல்–கழித்தல் அடையாளம் போட்டு ஒரு நீளப் பட்டியல் இருந்தால், அந்த வரிசையில் வருகிற எல்லா ஷேடுக்கும் சேர்த்துப் பொதுவாக அச்சடித்தது என்று அர்த்தம். உங்கள் கையில் இருக்கும் குப்பியில் அவ்வளவும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பட்டியல் குட்டியாக இருந்தால் மட்டும் நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிவப்புகளை எப்படி ஒப்பிடுவது?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஜாக்கெட் துணியை எடுத்து சேலைமேல் வைத்ததும், விவரம் தெரிந்த அம்மாக்கள் அப்படியே இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். ‘உன் லைட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும், வெளிச்சத்துல பாப்போம்’ என்பார்கள். அவர்கள் சொல்வது அறிவியல்படி முழு உண்மை. இரண்டு நிறங்கள் வெவ்வேறு சாயங்களால் ஆனவையாக இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியலாம். ட்யூப்லைட்டிலும் எல்.இ.டி. பல்பிலும் வெயிலில் இருப்பது போல எல்லா நிற ஒளியும் சம அளவில் இருப்பதில்லை. நெயில் பாலிஷுக்கும் இதே கதைதான். கடைக்குள் ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு அரக்கு நிறங்களை வாங்கி, வீட்டு வாசல்படியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அரக்காகவே இருந்தது, மற்றது கத்தரிப்பூப் பக்கம் போய்விட்டது.

அதனால் என் முறை இது. காலை பத்து மணி வாக்கில், நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் உள்ள இடம். எங்கள் வீட்டில் அது வடக்கு ஜன்னல் திண்டு. கீழே வெள்ளைத்தாள். பச்சை டைல்ஸ் மேலோ பூப்போட்ட மேசைவிரிப்பு மேலோ வைத்தால், பின்னணி நிறம் கண்ணை ஏமாற்றும். ஒப்பிடும் இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டாலே சின்ன வேறுபாடுகள் மறைந்துவிடும். அப்புறம் கோட் கணக்கு. ஒன்றில் இரண்டு கோட்டும் மற்றதில் மூன்றும் போட்டுவிட்டு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது நிறத்தை அல்ல, கனத்தை. எல்லாவற்றுக்கும் மேலே பூசும் நிறமில்லாத டாப் கோட் போடுவதென்றால் இரண்டுக்கும் போடுங்கள். பளபளப்பு ஏறினால் நிறம் ஒரு படி ஆழமாகத் தெரியும்.

வெளிச்சத்தில் பார்த்த பிறகு அதே இரண்டையும் இரவு அடுக்களை பல்புக்குக் கீழேயும் ஒரு தரம் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் மட்டும் நான் ‘சமம்’ என்று எழுதுவேன். 41 சிவப்புகளில் இதுவரை இரண்டே இரண்டு ஜோடிக்குத்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.

நோட்டில் என்ன எழுதுகிறீர்கள்? ஒரு உதாரணம் காட்டுங்கள்.

சிவப்பு 17வது குச்சியின் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: ‘முதல் கோட்: கோடு விழுகிறது, நக முனை தெரிகிறது. இரண்டாவது: மூடிவிட்டது. நிழலில் மிளகாய்ப்பழம், வெயிலில் ஆரஞ்சு ஓரம். 9ஐ விட மஞ்சள், 22ஐ விட அடர்த்தி. தொட்டால் ஒட்டாமல் காய 7 நிமிஷம், ஃபேன் இல்லை. மூன்றாம் நாள் வலது ஆள்காட்டி விரல் முனை உதிர்ந்தது. ரிமூவர்: கறை இல்லை.’

கம்பெனி வைக்கும் பெயர்கள் எனக்குப் பயன்படுவதில்லை. எண் மட்டும் இருக்கும், அல்லது நிறத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ பெயர் இருக்கும். நான் சேலைக்கடைப் பெயர்களை வைத்துக்கொள்கிறேன். வெங்காயக் கலர், பாக்குக் கலர், மாந்துளிர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், காப்பிக்கொட்டை, எம்.எஸ். நீலம். இந்தப் பெயரைச் சொன்னதும் நம் ஊரில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நிறம் கண்ணுக்குள் வந்துவிடும். நிறத்துக்குப் பெயர் வைப்பதில் நம் நெசவாளர்களும் துணிக்கடைக்காரர்களும் செய்திருக்கும் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிளாஸ்டிக் குச்சியில் பார்த்தால் போதுமா, நகத்திலும் போட வேண்டுமா?

குச்சி ஒப்பிடுவதற்கு. நகம் முடிவெடுப்பதற்கு. குச்சி பெரும்பாலும் கண்ணாடி மாதிரியோ வெள்ளையாகவோ இருக்கும், நகத்துக்கு அடியில் ரத்தம் ஓடும் இளஞ்சிவப்பு உண்டு. மெல்லிய பூச்சுகளில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். முழுக்க மூடும் க்ரீம் வகையில் அவ்வளவாகத் தெரியாது.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எந்த நிறம் பொருந்தும்?

கடையில் பிள்ளைகள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ‘அக்கா, என் கைக்கு இதெல்லாம் போடலாமா?’ என்று. போடலாம். எல்லாமே போடலாம். தடை என்று ஒன்றும் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் கவனித்திருக்கிறேன். வெளிர் ரோஸ், வெளிர் ஊதா போன்ற நிறங்களில் வெள்ளைப்பொடி அதிகம் சேர்த்திருந்தால், அடர்த்தியான தோலுக்குப் பக்கத்தில் அது சுண்ணாம்பு பூசியது போலத் தனித்துத் தெரியும். அது உங்கள் கையின் குறை அல்ல, அந்தக் கலவையின் குணம். அதே வெளிர் ரோஸை வெள்ளை குறைவாகப் போட்டு வேறொரு கம்பெனி செய்திருக்கும், அது அழகாக உட்காரும். ஒப்பிட்டுப் பார்ப்பதன் உண்மையான பயன் இங்கேதான். ‘வெளிர் ரோஸ் எனக்கு ஆகாது’ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு ஆறு வெளிர் ரோஸ்களை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். நான்காவதைப் பார்த்ததும் கையை விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். கரும்பச்சை, மயில்நீலம், செம்பு, மாம்பழ மஞ்சள் எல்லாம் அடர்ந்த தோலில் எடுப்பது போல வெளுத்த கையில் எடுப்பதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சாரல் காலத்தில் போட்டால் வெள்ளை பூத்தது போல மங்கிவிடுகிறதே, ஏன்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். ரிமூவர் பட்டால் விரல் சில்லென்று ஆகிறதே, அதே காரணம். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்தில் நீர் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் புகைபிடித்தது போல ஒரு வெள்ளை. மரச்சாமானுக்கு வார்னிஷ், லேக்கர் அடிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மழை நாளில் அடிக்க மாட்டேன் என்பார்கள்.

நான் செய்வது: சாரல் நாளில் ஒப்பிடும் வேலையைத் தள்ளிப்போடுவேன். கட்டாயம் போட வேண்டுமென்றால் கதவு ஜன்னல் சாத்தி, கொஞ்ச நேரம் மின்சார பல்பு எரிந்து வெதுவெதுப்பாக இருக்கும் அறையில், மிக மெல்லிய கோட்டாகப் போடுவேன். வாசனை நிற்கும், அதனால் முடிந்ததும் உடனே ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். ஆடிக்காற்றில் வேறொரு தொல்லை உண்டு, தூசி. வாசல் திண்ணையில் உட்கார்ந்து போட்டால் காய்வதற்குள் மண் ஒட்டிவிடும்.

ஃபேனுக்கு நேர் கீழேயும் போட வேண்டாம். மேல்பக்கம் சட்டென்று ஏடு கட்டிவிடும், அடியிலிருக்கும் கரைப்பான் வெளியே வர முட்டி, குட்டிக் குட்டிக் கொப்புளமாக நிற்கும். தொட்டால் ஒட்டாமல் காய்வதற்குச் சில நிமிஷம் போதும், ஆனால் முழுவதும் இறுகச் சில மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகி இருப்பது இதனால்தான்.

டியோக்ரோம், ஹோலோ, கேட் ஐ என்றெல்லாம் சொல்கிறார்களே?

முதலில் எளியதைச் சொல்லிவிடுகிறேன். மினுமினுப்பு இல்லாமல் முழுக்க மூடுவது க்ரீம். கண்ணாடி வளையல் போல அடியில் இருப்பது தெரிவது ஜெல்லி. நுண்ணிய மினுக்கம் இருப்பது ஷிம்மர். பெரிய துகள் க்ளிட்டர்.

டியோக்ரோமைப் புரிந்துகொள்ள மயில்கழுத்துச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பினால் நீலம் பச்சையாகும். டியோக்ரோம் பாலிஷும் கையைத் திருப்பினால் நிறம் மாறும். ஆனால் அங்கே இரண்டு சாயம் இல்லை. மைக்கா போன்ற மெல்லிய தகடுகள்மேல் அதைவிட மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். அதன் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றை அழிக்கும். மழை பெய்த ரோட்டில் சிந்திய டீசல் மினுங்குவதும் இப்படித்தான். உண்மையான மயிலின் கழுத்திலும் நீலச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம்தான் அந்த நீலம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, டியோக்ரோம் குப்பிகள் சேலையைவிட மயிலுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று எனக்குத் தோன்றியது.

ஹோலோ என்பது சி.டி. தகட்டின் பின்பக்கம் தெரியும் வானவில். துகள்களில் மிக நெருக்கமான கோடுகள் இருக்கும், அவை ஒளியைப் பிரிக்கும். நிழலில் வெறும் சாம்பலாகக் கிடக்கும், நேர் வெயிலில்தான் உயிர் வரும். ஆகவே ஹோலோவுக்கு மட்டும் என் வடக்கு ஜன்னல் பயன்படாது, மொட்டைமாடிக்குப் போக வேண்டும். கேட் ஐயில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் இருக்கின்றன. ஈரமாக இருக்கும்போது காந்தத்தை அருகே பிடித்தால் துகள்கள் ஒழுங்காகத் திரும்பி, பூனைக்கண் போல ஒரு கீற்று விழும். காந்தத்தை எத்தனை விநாடி பிடித்தீர்கள் என்பதையும் எழுதி வைக்காவிட்டால் இரண்டு கேட் ஐயை ஒப்பிடவே முடியாது.

போனில் படம் எடுத்தால் நிறம் மாறிவிடுகிறது.

மாறும். போன் தானாகவே வெளிச்சத்தின் நிறத்தைத் திருத்துகிறது. படம் முழுக்கச் சிவப்பு நிறைந்திருந்தால் அதற்குக் குழப்பம். ஓரத்தில் வெள்ளைத்தாள் தெரியும்படி எடுங்கள், நிறைய சரியாகும். அடர் ஊதாவும் பச்சைநீலமும் என் போனில் சரியாக விழுந்ததே இல்லை. அவற்றுக்குப் படத்தைவிட ‘இதைவிட நீலம், அதைவிடப் பச்சை’ என்று எழுதும் குறிப்பே நம்பிக்கையானது.

மருதாணி போட்ட நகத்தில் ஸ்வாட்ச் போடலாமா?

போடலாம், ஆனால் ஒப்பிட முடியாது. மருதாணியின் சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடும். ரிமூவருக்குப் போகாது, நகம் வளர்ந்து வெட்டித்தான் தீர வேண்டும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழு நகமும் மாற ஏறக்குறைய ஆறு மாதம். அந்தச் செம்மஞ்சள் நகத்தின்மேல் ஜெல்லி வகை ரோஸ் போட்டால் பவளமாகிவிடும். ஆடியில் மருதாணி வைத்தால், பிறகு பல மாதம் நான் குச்சியில் மட்டும்தான் ஸ்வாட்ச் போடுவேன். மருதாணியை விட்டுவிட மனமில்லை. அதுவும் நகத்து நிறம்தானே, நமக்கு முதலில் அறிமுகமான நிறமும் அதுதான்.

கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் தோழிகள் சிலர் வேறொரு காரணத்தால் மருதாணியை விரும்புகிறார்கள். நெயில் பாலிஷ் படலம் தண்ணீரை நகத்தில் படவிடாது என்பதால் தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவும் உளூ செய்யுமுன் அதை நீக்க வேண்டும். மருதாணி படலமாக நிற்பதில்லை. அவர்களில் ஒருவர் குச்சியில் மட்டும் போட்டு அறுபது எழுபது நிறம் சேர்த்திருக்கிறார். நகத்தில் போடாமலே இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

நகம் மஞ்சளாகிவிட்டது. என்ன செய்வது?

அடர் சிவப்பு, நீலம், பச்சை போன்றவற்றைப் நிறத்துக்கு முன் அடியில் பூசும் பேஸ் கோட் இல்லாமல் போட்டால் சாயம் நகத்தில் இறங்கும். கழுவினால் போகாது, வளர்ந்துதான் போகும். அதனால் பேஸ் கோட்டை மட்டும் தவற விடாதீர்கள். ஆனால் நீங்கள் பாலிஷே போடாமல் நகம் மஞ்சளாகித் தடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சமையல் மஞ்சள் கறை வேறு. வெள்ளை, வெளிர் ரோஸ் போட்டுக்கொண்டு மீன் கழுவி மஞ்சள் தடவினால் நகம் அப்படியே மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினுக்கு வெயில் ஆகாது, வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கும். ஒரு வெள்ளைக் குச்சியில் மஞ்சள் தடவி மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

கெட்டியாகிப் போன குப்பியில் ரிமூவர் ஊற்றலாமா?

வேண்டாம். ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் அந்த நேரத்துக்கு இளக்கும், ஆனால் கலவையின் சமநிலை கெட்டு, பிறகு திரித்திரியாக வரும். தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள். குப்பியில் ஏற்கெனவே இருக்கும் அதே எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட்தான் அதில் இருக்கும். இரண்டு சொட்டு விட்டு, உருட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூடுவதற்கு முன் குப்பியின் வாயைத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

ஆபத்து ஏதும் உண்டா?

முதல் ஆபத்து தீ. பாலிஷும் ரிமூவரும் சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பு எரியும் அடுக்களையிலோ, விளக்கு ஏற்றிய பூஜை அறைப் பக்கத்திலோ உட்கார்ந்து போடவே கூடாது. இதே காரணத்தால் தபாலில் அனுப்புவதும் கூடாது. தோழிக்கு ஒரு ஷேடு தர வேண்டுமென்றால் நான் குச்சியில் பூசிக் காயவைத்து, அந்தக் குச்சியை அனுப்புகிறேன்.

முன்பு டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்றும் பல கம்பெனிகளின் கலவையில் இருந்தன. இப்போது பலர் விட்டுவிட்டார்கள், லேபிளில் ‘3 ஃப்ரீ’ என்று போடுவது இந்த மூன்றைத்தான். நகத்தோரம் சிவந்து அரித்தாலோ, கண் இமை அரித்தாலோ உடனே நிறுத்துங்கள். கையால் கண்ணைத் தொடுவதால் பாலிஷ் அலர்ஜி இமையில்தான் பலருக்கு முதலில் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் நெயில் பாலிஷை அழிக்கச் சொல்வார்கள், கட்டாயம் அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது. கறுப்பு, நீலம், பச்சை எல்லாம் அந்த அளவைக் குழப்பலாம்.

ஜெல் பாலிஷையும் இப்படி ஒப்பிடலாமா?

நான் செய்வதில்லை. அது புறஊதா விளக்கில் இறுகும் வேறு வகைப் பொருள். சரியாக இறுகாமல் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம், வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஜெல்லில் பயன்பட்ட டி.பி.ஓ. என்ற ஒரு பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. தினம் நாலு நிறம் போட்டு அழிக்கிறவர்களுக்குச் சாதாரணப் பாலிஷே போதும்.

வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா?

முதலில் சொன்னார்கள். ‘பத்து விரலுக்கு இருநூறு குப்பியா?’ என்று அம்மா கேட்டார். நான் ஒரு நாள் அம்மாவின் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வைத்து, அந்த அரக்குக்கு நெருங்கிய ஏழு குச்சிகளை அதன்மேல் வரிசையாக அடுக்கினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, ‘இது இல்ல, இதுவும் இல்ல, இந்தா இதுதான்’ என்று ஐந்தாவதைத் தொட்டார். நானும் அதைத்தான் முந்தின நாள் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து புதுக் குப்பி வந்தால் அம்மாவும் ஜன்னல் திண்டுக்கு வந்துவிடுகிறார்.

இப்போது எதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

மஞ்சள். ஓணத்துக்கு அத்தப்பூ போட எங்கள் பக்கத்துக் கேந்திப்பூ (செண்டுமல்லி) மூட்டை மூட்டையாக மலை தாண்டிப் போகும். அதே மாதங்களில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். இரண்டும் மஞ்சள்தான், ஆனால் பக்கத்தில் வைத்தால் கேந்தி ஆரஞ்சுக்குச் சாயும், சூரியகாந்தி தெளிவாக நிற்கும். இந்த இரண்டுக்கும் சரியான பாலிஷ் தேடுகிறேன்.

மஞ்சள்தான் எல்லாவற்றிலும் கஷ்டமான நிறம். பிரகாசமான மஞ்சள் சாயங்கள் பல நன்றாக மூடாது, கோடு கோடாக விழும். மூடுவதற்காக வெள்ளையைச் சேர்த்தால் எலுமிச்சையாக வெளுத்துவிடும். என்னிடம் இருக்கும் பதினான்கு மஞ்சளில் சூரியகாந்திக்கு ஒன்று கிடைத்துவிட்டது, அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட், மேலே இரண்டு கோட். ஜன்னல் திண்டில் இதழைக் குச்சிமேல் வைத்தேன், ஓரம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது. கேந்திக்கு இன்னும் கிடைக்கவில்லை. 8ஆம் குச்சி நிழலில் சரியாக இருக்கிறது, வெயிலுக்குக் கொண்டுபோனால் பூ மட்டும் எரிகிறது, குச்சி அப்படியே இருக்கிறது. அடியில் வெள்ளைக்குப் பதில் வெளிர் ஆரஞ்சு போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சாரல் விட வேண்டும்.